பிராடல் ஹைட்ஸிலிருந்து எதிர்க்கட்சிகளுக்கு ஒரு மடல்

சிங்கப்பூர் எதிர்க்கட்சிகளின் தலைவர்களுக்கும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

பாட்டாளிக் கட்சி, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி, சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி, தேர்தல் நெருங்கும்போது மட்டும் கண்ணில் படுகிற சின்னக் கட்சிகள் என்று எல்லாரையும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் "இது அவர்களுக்கு வந்திருக்க வேண்டிய கடிதம்" என்று ஒருவர் இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் முப்பது வருடம் ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதியவள். அந்தப் பழக்கம் விடவில்லை. எதையும் வரவு, பற்று என்று இரண்டு பத்தி போட்டுப் பார்த்தால்தான் மனம் அடங்கும். 2025 ஏப்ரலில் ஒரு மத்தியானம் என் வாக்குக்கும் அப்படிக் கணக்குப் போட்டேன்.

எனக்கு 21 வயதானது 1991-ல். அந்த ஆகஸ்டில் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பிராடல் ஹைட்ஸ் தனித்தொகுதியில் முதல் வாக்குப் போட்டேன். 1993-ல் அதிபர் தேர்தல், அதிலும் போட்டேன். அப்புறம் 1997 பொதுத்தேர்தலுக்கு முன்னால் பிராடல் ஹைட்ஸை, பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் மரின் பரேட் குழுத்தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். அந்தத் தேர்தலில் அங்கே ஆளுங்கட்சியை எதிர்த்து யாரும் போட்டியிடவில்லை, அதனால் வாக்களிப்பே இல்லை. 2001-லும் இல்லை. 2006-லும் இல்லை. இடையில் 1999, 2005 அதிபர் தேர்தல்களிலும் ஒரே வேட்பாளர்தான். ஆக 1993 ஆகஸ்டில் பெருக்கல் குறி போட்ட கை அடுத்த பெருக்கல் குறியைப் போட்டது 2011 மே மாதம். நடுவே 17 வருடம், 8 மாதம். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து, அவன் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்டான்.

2011, 2015, 2020 மூன்று பொதுத்தேர்தல்களிலும் போட்டேன். 2025-ல் மறுபடியும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியதிலிருந்து எட்டுப் பொதுத்தேர்தல். அதில் வாக்குப் போட்டது நான்கு. இத்தனைக்கும் நான் வீடு மாறவில்லை. அதே புளோக், அதே மாடி, அதே கதவு.

என் அப்பாவின் கணக்கு இன்னும் மோசம். அவர் 2004-ல் காலமானார். கடைசியாக வாக்குப் போட்டது 1993-ல்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் துறைமுகத் தொழிலாளி. 1981-ல் நாங்கள் ஆன்சன் தொகுதிக்குள் பிளேர் பிளெயின் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். கொள்கலன் முனையத்துக்காக அந்தக் கட்டடங்களை இடிக்கப்போகிறார்கள் என்றும், மாற்று வீடு அவரவர் பாடு என்றும் செய்தி வந்த வருடம் அது. எங்கள் உறுப்பினர் தேவன் நாயர் அதிபரானதால் தொகுதி காலியாகி இடைத்தேர்தல் வந்தது. அக்டோபர் 31-ஆம் தேதி இரவு அப்பா வானொலியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு 11 வயது. பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று அறிவித்ததும் அப்பா கத்தவும் இல்லை, கைதட்டவும் இல்லை. எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் மெதுவாக, "ஜெயிச்சிட்டாருடி" என்றார். அந்தத் தாழ்ப்பாளை நான் மறக்கவே இல்லை. ஜெயித்த பக்கம் நின்றவர்கூடக் கதவைச் சரிபார்த்த காலம் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த தேர்தல்களில் எதிர்க்கட்சி பிடித்த முதல் நாடாளுமன்ற இடம் அதுதான். பெரும்பாலும் சீனர்கள் வாழ்ந்த ஆன்சன், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் மலையாளி. அதற்கும் முன்னால், 1961-ல், யூதரான டேவிட் மார்ஷல் ஜெயித்ததும் அதே ஆன்சனில்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏழு வருடம் கழித்து, 1988-ல், குழுத்தொகுதி முறை வந்தபோது சொல்லப்பட்ட காரணம் நாங்கள்தான். சிறுபான்மையினரை வாக்காளர்கள் ஒதுக்கிவிடக்கூடும், நாடாளுமன்றத்தில் மலாய்க்காரரும் இந்தியரும் குறைந்துவிடக்கூடும், அதனால் அணியாக நிற்கட்டும், அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்கட்டும் என்றார்கள். ஆன்சன் என்ற தொகுதியே அந்தத் தேர்தலோடு வரைபடத்தில் இல்லாமல் போனது வேறு கதை.

அக்கறை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எழுதியவள் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1988-ல் குழுத்தொகுதி என்றால் மூன்று பேர். மூவரில் ஒருவர் சிறுபான்மையினர். 1991-ல் நான்கு பேரானது. 1997-ல் ஐந்து, ஆறு. கட்டாயம் மட்டும் அதே ஒருவர்தான். எங்களுக்காக வந்த ஏற்பாடு என்றால், அணி வளர வளர எங்கள் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாக இறங்கியது ஏன்? அறிமுக வேட்பாளர்கள் மூத்த அமைச்சரின் தோளில் ஏறி உள்ளே வர இது உதவுகிறது என்று உங்களில் பலர் சொல்லி வந்திருக்கிறீர்கள். முன்னாள் பிரதமர் கோ சோக் டோங்கே 2006-ல், முதல் தேர்தலிலாவது ஜெயிப்போம் என்ற ஓரளவு உறுதி இல்லாவிட்டால் திறமையுள்ள இளையர்கள் வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வரத் தயங்குவார்கள் என்ற பொருளில் பேசினார். அந்த அளவுக்கு வெளிப்படையாகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

பிறகு 2023 அதிபர் தேர்தல். தர்மன் சண்முகரத்னம் நாடு முழுக்க, இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று, 70.4 விழுக்காடு வாங்கினார். தீவு முழுவதும் ஒரே தொகுதி, அணி இல்லை, தோள் இல்லை. மறுநாள் காலை எங்கள் மாடியில் நான்தான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துக்கொண்டு திரிந்தேன். நான்கு வீடு தள்ளி இருக்கும் மலாய்க்காரத் தோழி என்னை நிறுத்தி, "உனக்குத் தர்மன் கிடைத்தார். எனக்கு ஹலிமா கிடைத்தார், ஆனால் போட்டே போடாமல்" என்றாள். 2017 அதிபர் தேர்தலை மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கினார்கள். தகுதி பெற்றவர் ஹலிமா ஒருவர்தான், தேர்தல் நடக்கவில்லை. "ஜெயித்திருப்பாரடி, அவரை ஜெயிக்க விட்டிருக்கலாம்" என்றாள் அவள். சலுகை என்ற பெயரில் வாக்கு போன கதை அது. அதனால், குழுத்தொகுதியே வேண்டாம் என்று மலாய்க்காரர் சார்பில் பேச எனக்கு உரிமையில்லை. தேர்தலில் அவர்களுடைய அனுபவம் எங்களுடையதைப் போன்றதல்ல. ஆனால் "உங்களுக்காகத்தான்" என்று யாராவது சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் இப்போது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம்.

சிறுபான்மைச் சான்றிதழ் பற்றியும் ஒன்று. குழுத்தொகுதியில் சிறுபான்மை வேட்பாளராக நிற்பவர், தான் அந்தச் சமூகத்தவர் என்று ஒரு குழுவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். என் அம்மாவுக்கு இது தெரியாது. ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "நெற்றியில விபூதி இருக்குறது பத்தாதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு 82 வயது. அவருக்குச் சட்டம் விளக்குவதை நான் விட்டுவிட்டேன்.

போகட்டும். களம் சாய்ந்திருக்கிறது என்பதை எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 1988-ல் யூனுஸ் குழுத்தொகுதியில் எதிர்க்கட்சி 49 விழுக்காடு வாங்கியது. 1997-க்கு முன்னால் யூனுஸ் காணாமல் போனது. 1997-ல் செங் சானில் 45 விழுக்காடு. 2001-ல் செங் சான் இல்லை. 2011-ல் ஜூ சியாட்டில் தோற்றது 388 வாக்கில். 2015-ல் அந்தத் தனித்தொகுதி இல்லை. 2015-ல் தனித்தொகுதியாக இருந்த ஃபெங்ஷான் 2020-ல் இல்லை. புக்கிட் பாத்தோக் 2025-ல் கரைந்தது. இதில் ஒவ்வொன்றுக்கும் மக்கள்தொகை வளர்ச்சி என்று ஒரு விளக்கம் இருக்கலாம். ஆனால் வளர்ச்சி எப்போதும் எதிர்க்கட்சி நெருங்கி வந்த வீட்டு வாசலில்தான் நடக்கிறதா என்று கேட்கத் தோன்றும்.

தொகுதி எல்லை மறுஆய்வு அறிக்கை 2025 மார்ச் 11-ல் வந்தது. வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23. 43 நாள். வருடக்கணக்காகக் கதவு தட்டிய தெருக்கள் ஒரு காலையில் வேறு பெயருக்குப் போய்விட்டால், உங்கள் தொண்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. வைப்புத்தொகை தலைக்கு 13,500 வெள்ளி. ஐந்து பேர் அணிக்கு 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் பணம் போச்சு. பிரசாரத்துக்கு ஒன்பது நாள்.

இவ்வளவும் உங்கள் தவறில்லை. குழுத்தொகுதி முறையை நீக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தீர்கள். தோற்றது, ஆனால் கேட்டீர்கள். அதை நான் வரவுப் பத்தியில்தான் எழுதியிருக்கிறேன்.

இனி பற்று.

வேட்புமனுத் தாக்கலுக்குச் சில மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை, எங்கள் மாடிக்கு ஓர் இளைஞர் வந்தார். சீனப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். மழையில் நனைந்திருந்தான், சப்பாத்திலிருந்து தண்ணீர் கசிந்து நடைபாதையில் கறை விழுந்ததைப் பார்த்து அவனே சங்கடப்பட்டான். எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன். துண்டுப்பிரசுரம் கொடுத்தான். பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லாமல் வயதானவர்கள் நிற்கிறார்கள் என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து தமிழில் சொன்னதை நான் மொழிபெயர்க்க, அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். போகும்போது, "மறுபடி வருவோம், ஆன்ட்டி" என்றான்.

ஏப்ரல் 23, புதன்கிழமை. மத்தியானம் 12 மணிக்குக் கதவு மூடும் என்பதால் அம்மாவும் நானும் பதினொன்றரையிலிருந்தே தொலைக்காட்சி முன்னால். ஒவ்வொரு மையமாகக் காட்டினார்கள். எங்கள் தொகுதிக்கு அந்த வருடம்தான் மரின் பரேட் - பிராடல் ஹைட்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 28 வருடம் அடுத்தவர் பெயரில் இருந்த எங்கள் பேட்டைக்குத் தொகுதிப் பெயரில் இடம் கிடைத்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆளுங்கட்சி அணி வந்து மனுக் கொடுத்தது. எதிரே யாரும் இல்லை. 12 மணி ஆனது. அம்மா, "லேட்டா வருவாங்களா?" என்று கேட்டார். 2011-ல் தஞ்சோங் பகாரில் ஓர் அணி 35 விநாடி தாமதமாக வந்து மனுவே ஏற்கப்படாமல் போனது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்களாவது ஓடி வந்தார்கள்.

சுமார் 131,000 வாக்காளர்கள், ஐந்து இடங்கள். 2011-க்குப் பிறகு நாட்டில் போட்டியில்லாமல் முடிந்த முதல் தொகுதி நாங்கள். ஆளுங்கட்சி அணிமீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வந்தார்கள், மனுக் கொடுத்தார்கள், போனார்கள். எங்கள் பகுதி உறுப்பினர் நாடாளுமன்ற நாயகர், அதாவது சபாநாயகர்; நல்ல மனிதர், அங்காடிக் கடையில் பார்த்தால் அம்மாவிடம் நின்று பேசுவார். 2006-ல் அவர் முதன்முதலாக உள்ளே வந்ததும் போட்டியில்லாமல்தான். அவருக்கே வாக்குப் போடுவேனோ என்னவோ. அதைச் சொல்லவும் ஒரு வாக்குச்சீட்டு வேண்டுமே!

அதே மத்தியானம், தீவின் கிழக்கே, தெம்பனிஸ் குழுத்தொகுதியில் நான்கு அணிகள் நின்றன. அதில் இரண்டு அணிகள் ஒரு விழுக்காடுகூட வாங்கவில்லை, ஒன்று 0.43, இன்னொன்று 0.18. இரண்டுக்கும் சேர்த்து 135,000 வெள்ளி வைப்புத்தொகை போனது. பணமில்லை, ஆளில்லை என்று எனக்குச் சொன்ன அதே எதிரணி வரிசையிலிருந்து, ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் ஒரே தொகுதியில் போய் 135,000 வெள்ளியைக் கொட்டிவிட்டு வந்திருக்கின்றன. இங்கே ஒருவரும் இல்லை. இதை நான் எந்தப் பத்தியில் எழுதுவது?

எங்கள் தொகுதியை விட்டுப்போன கட்சியின் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். எல்லை மாறியது, ஆள்பலம் குறைவு, கடினமான முடிவு என்றார். மன்னிப்புக் கேட்பது இங்கே அரிதான பண்பு, மதிக்கிறேன். ஆனால் சிக்கல் அந்த ஒரு கட்சியோடு முடிவதில்லை. உங்களுக்குள் ஒரு மரியாதை இருக்கிறது: மும்முனைப் போட்டி வேண்டாம், இது உன் இடம், அது என் இடம் என்று தேர்தலுக்கு முன்னால் பேசிப் பிரித்துக்கொள்வீர்கள். நல்ல ஏற்பாடு, வாக்குச் சிதறாது. ஆனால் இடம் பிடித்தவர் கடைசி நிமிடத்தில் வராவிட்டால்? உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்து, 'சோப்' பண்ணிவிட்டுப் போகிறவர்களை நமக்குத் தெரியும். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். பாக்கெட் வைத்தவர் வேறு கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கே போயிருப்பார். எங்கள் தொகுதி மேல் ஒரு பாக்கெட் டிஷ்யூ இருந்தது. மற்ற கட்சிகள் மரியாதைக்கு ஒதுங்கி நின்றன. வைத்தவர் வரவில்லை.

இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதை நினைவுபடுத்துகிறேன். தகுந்த காரணமில்லாமல் நான் போகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்க்க 50 வெள்ளி. ஒரு வாக்காளர் வராவிட்டால் 50 வெள்ளி. ஒரு கட்சி வராமல் 131,000 பேர் வாக்குப் போனால் ஒரு காசு இல்லை.

இதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும், அது எனக்கும் தெரியும். 1991. அன்று சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த சியாம் சீ டோங்கின் 'இடைத்தேர்தல் உத்தி'. 81 இடங்களில் 41 இடங்களை எதிர்க்கட்சிகள் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தன. வேட்புமனு நாளன்றே ஆளும் மக்கள் செயல் கட்சி ஆட்சி அமைப்பது உறுதியானது. அரசாங்கம் மாறிவிடுமோ என்ற பயம் விலகியதால் மக்கள் துணிந்து போட்டார்கள். நான்கு இடம் கிடைத்தது. பொத்தோங் பாசிர், புக்கிட் கொம்பாக், நீ சூன் சென்ட்ரல், ஹவ்காங். சுதந்திரத்துக்குப் பிறகு அதுவரை அப்படி நடந்ததில்லை.

அந்த வருடம் எங்கள் பிராடல் ஹைட்ஸிலும் ஜனநாயகக் கட்சி நின்றது, கிட்டத்தட்ட 48 விழுக்காடு வாங்கியது. அதாவது, என் வாழ்க்கையின் முதல் வாக்கு, மற்ற 41 இடங்களில் யாரோ இழந்த வாக்குகளின் மேல் எனக்குக் கிடைத்தது. இதை எழுதுவதற்கு முன் வெகுநேரம் யோசித்தேன். அன்று எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை; 21 வயது, புதுச் சட்டை, பள்ளிக்கூடத்தில் வரிசை. வாக்குச்சீட்டில் இருந்த தொடர் எண்ணைப் பார்த்து எனக்கு முன்னால் நின்ற அத்தை பயந்துபோய், "யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிச்சிருவாங்களோ?" என்று காதில் கேட்டதுதான் நினைவிருக்கிறது. இப்போது அந்த உத்தியின் மறுபக்கத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் 1991-க்கும் 2025-க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று அது ஊரறியச் சொல்லிச் செய்தது. பாதி இடத்தை விடுகிறோம், காரணம் இது, என்று முன்னாடியே அறிவித்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. 12 மணிக்குத் தொலைக்காட்சி சொன்னது.

இன்னொரு முன்னுதாரணமும் இருக்கிறது. அது உங்களை இன்னும் அதிகமாக உறுத்த வேண்டும். 1966-ல், அன்றைய பெரிய எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியது. இந்த மன்றமே போலி, போராட்டம் தெருவில்தான் என்றார்கள். 1968 தேர்தலைப் புறக்கணித்தார்கள். 58 இடங்களில் 51 இடங்களுக்குப் போட்டியே இல்லை. 58-ம் ஒரே கட்சிக்குப் போனது. அவர்கள் சொன்ன குறைகளில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் காலி செய்த நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மறுபடி உட்கார 1981 வரை ஆனது. ஆன்சனில் என் அப்பா வானொலியைக் காதில் வைத்துக் காத்திருந்தது அந்தக் காலி நாற்காலிக்காகத்தான்.

தோற்றாலும் கிடைக்கும் தொகுதியில்லா உறுப்பினர் இடங்களை வைத்துச் சமாதானம் சொல்லாதீர்கள். 2025-ல் ஜாலான் காயுவில் 48.5 விழுக்காடு வாங்கித் தோற்றவர் அந்த வழியில் உள்ளே போனார், நன்றாகவே பேசட்டும். ஆனால் தோற்றவருக்குக்கூட இடம் கிடைக்க, முதலில் ஒருவர் நின்று தோற்க வேண்டும். எங்களால் உங்களுக்கு ஒரு தோல்வியைக்கூடத் தர முடியவில்லை.

நின்றால்தான் ஏதாவது நகர்கிறது என்பதற்கு எங்கள் தொகுதியே சாட்சி. 2011-ல், மூன்று பொதுத்தேர்தல் போட்டியே இல்லாமல் போன பிறகு, முன்னாள் பிரதமர் தலைமையிலான அணியை எதிர்த்து ஒரு சின்னக் கட்சி நின்றது. அந்த அணியில் 24 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். வாங்கியது 43 விழுக்காடு. 2015-ல் 36-க்கு இறங்கியது. 2020-ல் மறுபடி 42. இந்த எண்களை நாங்கள் சும்மா தரவில்லை. அல்ஜுனிட் குழுத்தொகுதியும் 2011-ல் திடீரென்று விழவில்லை. 2006-ல் 44 விழுக்காடு வாங்கித் தோற்ற கட்சி திரும்பி வந்ததால் விழுந்தது. தோற்ற இடத்துக்குத் திரும்பி வருவதுதான் உங்களுக்கு இதுவரை நிலைத்த பலன் தந்த உத்தி என்று என் சிறிய கணக்கு சொல்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் ஜெயியுங்கள் என்று கேட்கவில்லை, எல்லாரும் ஒரே கூட்டணியில் சேருங்கள் என்றும் கேட்கவில்லை. உங்களைப் பார்த்தால் அது இந்த ஜென்மத்தில் நடக்காது என்று தெரிகிறது. அடுத்த முறை தொகுதிகளைப் பிரித்துக்கொள்ள உட்காரும்போது ஒரு விதியை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லை அறிக்கை வந்து இரண்டு வாரத்துக்குள், டிஷ்யூ பாக்கெட் வைத்தவர் நிற்கிறேன் அல்லது நிற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த மேசை அடுத்தவருக்கு. யாருக்கும் வேண்டாம் என்றால் அதையும் அந்தத் தொகுதி மக்களிடம் நேரில் வந்து, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாலு நாற்காலி போட்டு, சொல்லுங்கள். திட்டுவோம். திட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒருவேளை அங்கேயே ஐந்து பேர் எழுந்து "நாங்கள் நிற்கிறோம்" என்று சொன்னாலும் சொல்வார்கள்.

இந்தத் தீர்மானத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தேர்தல் துறை வேண்டாம், நாடாளுமன்றப் பெரும்பான்மை வேண்டாம், அரசமைப்புத் திருத்தம் வேண்டாம். இந்த முறையில் உங்கள் கைக்குள் இருப்பவை மிகச் சில; அதில் இது ஒன்று.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வேட்புமனுவில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், ஆதரித்துக் கையெழுத்திட நால்வர், எல்லாரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஆறு கையெழுத்து. அதை நான் தேடி வைத்திருக்கிறேன். நான் ஒன்று. என் மகன், இப்போது வயது 30. நான்கு வீடு தள்ளி இருக்கும் தோழி. யாருக்கு வாக்குப் போடுவேன் என்று கேட்காத வரை கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். கீழே கோப்பிக்கடையில் தே தாரிக் ஊற்றுகிற அங்கிள், ஆளுங்கட்சிக்குத்தான் போடுவாராம், "ஆனா பந்தயம் இல்லாம குதிரை எதுக்கு ஓடணும்?" என்கிறார். பத்தாவது மாடியில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. ஆறாவது அம்மா. அவர் கையெழுத்து இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, 2030 வாக்கில் இன்னும் நடுங்கும். முன்கூட்டியே சொன்னால் பழகி வைப்பேன்.

மழையில் நனைந்து வந்த அந்தப் பையன் இன்னும் உங்களோடு இருக்கிறானா? இருந்தால் பாரத்தை அவனிடமே கொடுத்தனுப்புங்கள். பேருந்து நிறுத்தத்தில் இன்னும் இருக்கை போடவில்லை.

இப்படிக்கு,
பிராடல் ஹைட்ஸ் வாக்காளர் ஒருத்தி